வாங்காத உரம், வாங்காத விதை

(மதுரையில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆடி பிறக்கச் சில வாரங்களே இருக்கின்றன. இன்று பேசுவதை அடுத்த மாதமே மண்ணில் செய்து பார்த்துவிடலாம் என்பதால் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேச இது நல்ல நேரம். விதைப்புக்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். தற்சார்பு என்று இப்போது எல்லோரும் ஆசையோடு சொல்கிறோம். ஆசைக்கு அடியில் கணக்கும் இருக்க வேண்டும்.

நாலு பேர் உள்ள குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 9 கிலோ அரிசி என்றால் ஆண்டுக்கு 432 கிலோ. அதற்கு ஏறக்குறைய 660 கிலோ நெல் வேண்டும். ரசாயனம் போடாத வயலில் ஏக்கருக்கு 75 கிலோ மூட்டை 20 கண்டால் நல்ல கண்டுமுதல். அப்படிப் பார்த்தாலும் அரிசிக்கு மட்டும் 44 சென்ட் நிலம் தேவை. பருப்பும் எண்ணெயும் இன்னும் கணக்கில் வரவில்லை. 5 சென்ட் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர் சோற்றுக்குத் தற்சார்பு அடைய வழியில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். இதைச் சொல்லாமல் உற்சாகப்படுத்துகிறவர்களை நம்பித் தோட்டம் போட்ட பலர் ஒரே ஆண்டில் மனம் சலித்து விட்டுவிடுகிறார்கள்.

இப்போது காய்க்கு வருவோம். காயும் பழமுமாக ஓர் ஆளுக்கு நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேருக்கு 1.6 கிலோ, ஆண்டுக்கு 584 கிலோ. நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டு முழுக்கக் காய்கறி தர 5 சென்ட், அதாவது 200 சதுர மீட்டர், போதும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காய்கறித் தோட்டத்துக்குத் திட்டம் போட்டுத் தந்திருக்கிறது. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 3 கிலோ வந்தால் கணக்கு நேராகிவிடும். எட்டக்கூடிய அளவுதான். வீட்டுத் தோட்டம் சோறு போடாது; சோற்றோடு தட்டில் விழ வேண்டிய மற்றதில் பெரும்பகுதியைப் போடும். நம் வீடுகளில் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் குறைபடுவது சோறு அல்ல, அந்த மற்றதுதான். கீரையும் காயும் இல்லாமல் வரும் சோகை வயிறு நிறையச் சோறு தின்றாலும் போகாது.

இதுவரை சொன்னது தோட்டத்திலிருந்து வெளியே வரும் கணக்கு. நான் இன்று முக்கியமாகப் பேச வந்தது உள்ளே போகும் கணக்கு.

இயற்கைத் தோட்டம் போடுகிற வீடு ஒன்றின் வாங்கல் பட்டியலைப் பாருங்கள். வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, மூட்டை மண்புழு உரம், ஹைபிரிட் விதைப் பொட்டலம், பாட்டில் பஞ்சகவ்யம், மீன் அமிலம், வேப்ப எண்ணெய், சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா என்ற நுண்ணுயிர்த் தூள்கள். இவற்றில் எதுவும் விஷம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் கடையிலிருந்து வருகிறது. நார்க்கழிவில் செடிக்கு வேண்டிய சத்து அநேகமாக இல்லை. ஈரம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அதனால் அதைப் போட்டவர் சத்துக்காக இன்னொன்றை வாங்கியே ஆக வேண்டும். பை இரண்டு மூன்று வெயிலில் கிழிகிறது. விதை ஒவ்வொரு பட்டத்துக்கும் புதிதாக வேண்டும். கிலோ கத்தரிக்காய்க்குச் சந்தையில் கொடுப்பதைவிட அதிகம் செலவாகிவிடும். யூரியாவை விட்ட வீடு பாட்டிலைப் பிடித்துக்கொண்டது. அதை விஷமில்லாத தோட்டம் என்று சொல்லலாம், பாராட்டலாம். தற்சார்பு என்று சொல்ல மனம் வரவில்லை.

இந்த இடத்தில் ஜே.சி. குமரப்பாவை நினைக்காமல் இருக்க முடியாது. 1892ல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். காந்தியோடு சேர்ந்து கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். கடைசி ஆண்டுகளை நம் பக்கத்து டி.கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960ல் மறைந்தார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1945ல் வந்தது. எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகிற செல்வம், மறுபடி மறுபடி ஊறி வருகிற செல்வம் என்று அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரியும் எண்ணெயும் முதல் வகை. மரமும் ஆற்றுநீரும் இரண்டாவது. முதல் வகையை நம்பி நிற்கிற பொருளாதாரம் சண்டையில் போய் முடியும் என்றார். ஒரு லட்சம் பேருக்குச் சமச்சீர் உணவு வேண்டுமென்றால் எந்தப் பயிருக்கு எத்தனை ஏக்கர் ஒதுக்க வேண்டும் என்று ஏக்கர் வாரியாகப் போட்டும் காட்டினார். தணிக்கையாளரின் கண் அது. வரவைப் பார்த்து மயங்காது, எங்கிருந்து வந்தது என்று கேட்கும். நம் தோட்டத்தையும் அந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இந்த ஆண்டு எத்தனை கிலோ காய்த்தது என்று எழுதும்போது, போன ஆண்டைவிட எத்தனை பொருளை வாங்காமல் விட்டேன் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

உரத்திலிருந்து தொடங்குவோம். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1905ல் அரசு வேலையாக பீகாரில் உள்ள பூசாவுக்கு வந்தார். இந்திய விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் அவர். விவசாயியும் பூச்சியும்தான் தனக்கு ஆசிரியர்கள் என்று தெளிந்துகொண்டார். மனைவி கேப்ரியலும் தாவரவியலாளர், கூடவே ஆராய்ச்சி செய்தவர். 1924க்குப் பிறகு இந்தூரில் அவர்கள் ஒழுங்குபடுத்திய மட்குமுறைதான் உலகமெங்கும் இந்தூர் முறை என்று போனது. இன்று மேலைநாட்டு இயற்கை வேளாண்மையின் மூலநூல்களில் ஒன்றாகச் சொல்லப்படும் அவருடைய 1940ம் ஆண்டுப் புத்தகத்துக்கு அடியில் இருப்பது நம் மாட்டுத் தொழுவமும் குப்பைக்குழியும்தான். நாம் அதைப் பொட்டலமாகத் திரும்ப வாங்குவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

முறை எளிது. ஒரு அடுக்கு காய்ந்த சருகு, அதன் மேல் பச்சைக் களையும் சமையலறைக் கழிவும், அதன் மேல் கரைத்த சாணம், ஒரு கை சாம்பல், மாட்டு மூத்திரம் ஊறிய தொழுவ மண். மறுபடி சருகு. மாடு இல்லாத வீட்டில் புளித்த மோரும் பழைய மட்கும் போதும், நாள் கொஞ்சம் கூடுதலாகும். கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலில் ஈரம் படிய வேண்டும், சொட்டக் கூடாது. நாலைந்து நாளில் குவியலுக்கு நடுவே ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. அந்தச் சூட்டில் களை விதை செத்துவிடும். சூடு இல்லையென்றால் பச்சையோ ஈரமோ போதவில்லை. நாற்றம் அடித்தால் சருகு போதவில்லை, காற்றும் போகவில்லை. சருகைப் போட்டுக் கிளறிவிட்டால் இரண்டு நாளில் நாற்றம் போய்விடும். மூன்று மாதத்தில் இரண்டு மூன்று முறை புரட்டிப் போட்டால் கறுத்து, உதிரியாக, முதல் மழை பெய்த மண்ணின் வாசனையோடு எரு தயார்.

தெருவில் வேப்பஞ்சருகையும் புங்கஞ்சருகையும் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறார்கள். தயவுசெய்து அதைத் தடுத்து, மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துவாருங்கள். எருவுக்குப் போக மீதியை மூடாக்காகப் போடலாம். சித்திரை வெயிலில் மூடாக்கு போட்ட பாத்திக்கும் வெறும் பாத்திக்கும் உள்ள வித்தியாசத்தை விரலை மண்ணில் விட்டாலே தெரிந்துகொள்ளலாம்.

புதுமனைக்காரர்களுக்கு வேறொரு சங்கடம். கட்டடம் கட்டி முடித்த இடத்தில் மண்ணே இருக்காது; செங்கல் தூளும் சிமென்ட் பாலும்தான். அங்கே முதல் வேலை காய்கறி அல்ல. மகாராஷ்டிரத்தில் கணிதம் கற்பித்துக்கொண்டே கால் ஏக்கரில் ஒரு குடும்பம் வாழலாம் என்று செய்து காட்டிய ஸ்ரீபாத் தபோல்கரின் பலதானிய விதைப்பை இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தானியம் நாலு, பயறு நாலு, எண்ணெய் வித்து நாலு, பசுந்தாள் நாலு, கொத்தமல்லி, கடுகு போன்ற வாசனைப் பயிர் நாலு. சென்ட்டுக்கு 200 கிராம் அளவில் கலந்து தூவி, பூக்கும் பருவத்தில் அப்படியே மடக்கி மண்ணில் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் செத்த மண் எழுந்து உட்காரும். ஆறு மாதம் போகும். போகட்டும்.

மண்ணை எழுப்ப நேரம் வேண்டும் என்பதை நாம் இலங்கையிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. 2021ல் அந்த அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியது. அன்னியச் செலாவணி நெருக்கடியும் அதன் பின்னால் இருந்தது. நாடு முழுக்க நெல்லும் தேயிலையும் அடிவாங்கி, நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. இயற்கை வேளாண்மை தோற்றது என்று இதைச் சிலர் இன்றும் மேடையில் சொல்கிறார்கள். ஐம்பது அறுபது ஆண்டு உப்பு உரம் தின்ற மண்ணுக்கு ஒரே பருவத்தில் எரு வேண்டுமென்றால் எங்கிருந்து வரும்? எருவை அரசாணை போட்டு உண்டாக்க முடியாது. அடுத்த ஆண்டு சூனில், நெருக்கடி முற்றியபோது, வீட்டுத்தோட்டம் போடுவதற்காக அரசு ஊழியர்களுக்கு மூன்று மாதம் வெள்ளிக்கிழமை விடுமுறை என்று அறிவித்தார்கள். கீரையாவது 25 நாளில் கைக்கு வரும். முருங்கைக்கு ஆறு மாதம், அதற்கு மேலும் ஆகும். பசி வந்த பிறகு மண்ணைத் தேடினால் மண் உடனே எழுந்து வராது. யாழ்ப்பாணத்தில் வளவுக்குள் முருங்கையும் தோடையும் பனையும் வைத்துப் போர்க்காலப் பொருளாதாரத் தடையைத் தாண்டி வந்த நம் சனங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது விதை. தற்சார்பின் உயிர்நாடி எருவைவிட இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹைபிரிட் என்கிற வீரிய ஒட்டு விதையில் காய்த்த கத்தரியிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் பிரிந்து போகும். அதனால்தான் ஆண்டுதோறும் கடைக்குப் போகிறோம். நாட்டு ரகத்தில் அந்தச் சிக்கல் இல்லை. நல்ல செடியாகப் பார்த்து, பூச்சி தின்னாத, முதல் பறிப்புகளில் வந்த காய் இரண்டுக்கு நூல் கட்டி விட்டுவிடுங்கள். வீட்டில் யாரும் பறித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நூல். காய் மஞ்சளாகி, பழுப்பாகி, அமுக்கினால் குழையும் வரை செடியிலேயே இருக்கட்டும். பறித்து, அறுத்து, சதையோடு தண்ணீரில் போட்டுக் கையால் கசக்குங்கள். பதர் மேலே மிதக்கும். முற்றிய விதை அடியில் தங்கும். நாலைந்து தண்ணீர் மாற்றி அலசி, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, கடைசியில் காலை வெயில் காட்டி, அடுப்புச் சாம்பலில் புரட்டி வைத்தால் இரண்டு மூன்று ஆண்டு கவலை இல்லை. ஒரு பழத்தில் ஒரு தெருவுக்கே ஆகும் விதை இருக்கும்.

கொடிக்காய்களில் கவனம் வேண்டும். சுரையும் பூசணியும் பீர்க்கும் பாகலும் பூச்சிகளால் மகரந்தம் சேருகிறவை. உங்கள் வீட்டில் குண்டுச் சுரை, பக்கத்து வீட்டில் நீட்டுச் சுரை என்றால் விதை கலந்துபோகும். அதனால் விதை எடுப்பதைத் தெருவாகச் சேர்ந்து செய்வதே நல்லது. சுரைக்கு ஒரு வீடு, பீர்க்குக்கு ஒரு வீடு என்று பொறுப்பு பிரித்துக்கொள்ளலாம். இதோடு இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். கசக்கிற சுரைக்காயைச் சமைக்கக் கூடாது, சாறு பிழிந்து குடிக்கவே கூடாது. அந்தக் கசப்பு விஷம், உயிரே போயிருக்கிறது. நம் பாட்டிமார் சுரைக்காயை நறுக்கியதும் ஒரு சிம்பை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் போட்டார்கள். கசந்த கொடியிலிருந்து விதையும் எடுக்காதீர்கள்.

பூச்சியைப் பற்றிக் கேட்காமல் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. 2008ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி. இங்கே அதற்கு எதிரி இல்லை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, கொய்யா, செம்பருத்தி, பார்த்தீனியக் களையைக்கூட விடவில்லை. கோவை, ஈரோடு, சேலம் பக்கம் மரவள்ளியும் மல்பெரியும் வெள்ளை பூத்து நின்றன. மருந்து மேல் மருந்து அடித்தார்கள். உடம்பெல்லாம் மெழுகு பூசிய பூச்சி அது, மருந்து ஒட்டவில்லை. ஒட்டிய இடத்தில் செத்தது பெரும்பாலும் பொறிவண்டும் சிலந்தியும். 2010ல் அந்தப் பூச்சியின் சொந்த எதிரியான ஒட்டுண்ணிக் குளவியைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்தார்கள். அசெரோபேகஸ் பப்பாயே என்று பெயர்; ஒரு மில்லிமீட்டர்கூட இராது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளிவரும். வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பெங்களூரு ஆராய்ச்சி நிலையமும் அதைப் பெருக்கி ஊர் ஊராக விட்டார்கள். ஏறக்குறைய ஓராண்டுக்குள் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. மருந்து அடித்த தோட்டத்தில் குளவி நிற்காது என்பதால் அடிக்காதீர்கள் என்று விவசாயிகளைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டுத் தோட்டத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இது. பூச்சி கண்ணில் பட்டதும் எதையாவது தெளிக்காதீர்கள், அது வேப்பங்கரைசலாகவே இருந்தாலும். அசுவினி வந்து ஒரு வாரம் பொறுத்தால் பொறிவண்டு தேடி வரும். பாத்தி ஓரத்தில் நாலு சூரியகாந்தி, கொஞ்சம் சாமந்தி, பூக்க விட்ட கொத்தமல்லி இருந்தால் அவற்றின் தேனைக் குடிக்கக் குளவிகளும் வந்துகொண்டிருக்கும். தாங்க முடியாமல் போனால் வேப்பங்கொட்டை. அரைக் கிலோ கொட்டையை இடித்து, துணியில் முடிந்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து, 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, சாயங்காலத்தில் தெளியுங்கள். காலையில் தேனீ பூவில் இருக்கும். ஆனி ஆடியில் வேப்பம்பழம் விழுந்து கிடக்கும். இப்போதே பொறுக்கி உலர்த்தி வைத்தால் அதற்கும் கடைக்குப் போக வேண்டாம்.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். குளித்த தண்ணீரை வாழை, சேம்பு, கல்வாழை வழியாக விடலாம். துணி துவைத்த சோப்புத்தூள் தண்ணீரை விடாதீர்கள், அந்த உப்பு மண்ணை இறுக்கிவிடும்.

கடைசியாகச் சமையலறை. தோட்டம் தோற்பது பெரும்பாலும் அங்கேதான். கேரட்டும் பீன்சும் காலிபிளவரும் இல்லாமல் வாரம் ஓடாது என்கிற வீட்டில், ஊட்டியில் விளைவதை மதுரை மாடியில் விளைவிக்கப் போராடி அலுத்துப்போகிறார்கள். நம் வெயிலுக்கு நட்டுவிட்டு மறந்தாலும் விளைகிறவை இருக்கின்றன: முருங்கை, கறிவேப்பிலை, சுண்டை, கோவை, அகத்தி, தவசிக்கீரை, பப்பாளி, வாழை, சேனை. முதலில் இவற்றை வையுங்கள். பாத்திக் காய்கள் அதற்குப் பிறகு. தை மாசியில் அவரையும் கத்தரியும் தின்ன முடியாத அளவு வரும். சித்திரை வைகாசியில் பாத்தி வெறிச்சோடும். அந்த இரண்டு மாதத்தைக் கடத்தத்தான் கத்தரி வற்றல், கொத்தவரை வற்றல், மோர் மிளகாய், பரணில் அடுக்கிய சாம்பல் பூசணி எல்லாம் வந்தன. வற்றல் போடத் தெரிந்த கை தோட்டத்தின் பாதி. வீட்டில் இன்னும் அந்தக் கை இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஆண் பிள்ளைகளும் கற்றுக்கொள்ள வேண்டும்; தோட்டம் போடுவது அப்பா, வற்றல் போடுவது அம்மா என்று பிரித்த வீட்டில் இரண்டும் நிலைப்பதில்லை.

இந்த ஆடியில் அவரை, புடலை, பீர்க்கு, பாகல், சுரை, பூசணி, வெண்டை, கொத்தவரை நேரே ஊன்றலாம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று விடுங்கள். ஒரு மாதத்தில் பிடுங்கி நடலாம். அவரை பந்தலேறி நின்றும் பூக்கவில்லையே என்று புரட்டாசியில் வெட்டிவிடாதீர்கள். நாட்டு அவரை பகல் குறுகி, பனி இறங்கினால்தான் பூக்கும்.

கூடத்துக்குப் பின்னால் மேசையில் பத்துப் பன்னிரண்டு வகை நாட்டு விதை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பொட்டலத்திலும் எந்த ஊர் விதை, எந்த மாதம் எடுத்தது என்று எழுதியிருக்கிறது. காசு வேண்டாம். ஒருவர் இரண்டு வகைக்கு மேல் எடுக்க வேண்டாம், எல்லோருக்கும் வர வேண்டும். எடுத்தவர் பெயரையும் தெருவையும் நோட்டில் எழுதிவிட்டு, அடுத்த ஆடிக்கு முன் எடுத்ததைப் போல் இரண்டு மடங்கு இங்கே திருப்பித் தர வேண்டும். கொடிக்காய் விதை எடுக்கிறவர்கள் ஒரே தெருவில் இருந்தால், இப்போதே பேசி வேறு வேறு வகையாக எடுத்துக்கொள்ளுங்கள்.